வெரிட்டி லாம்பர்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிபிசியின் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைவுத் தொடரைப் பார்க்க ஆரம்பித்தவர்கள் கொஞ்ச நாளிலேயே வெரிட்டி லாம்பர்ட் என்ற பெயரைக் கேள்விப்பட்டுவிடுகிறார்கள். அந்தத் தொடரின் முதல் தயாரிப்பாளர். பலருக்கு அவரைப் பற்றித் தெரிவது அந்த ஒரு வரியோடு முடிந்துபோகிறது. அவர் வேலை பார்த்தது ஐம்பது வருடம்; டாக்டர் ஹூவில் இருந்தது இரண்டே வருடம். மிச்ச வருடங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தக் கேள்வி பதில்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1935 நவம்பர் 27 அன்று லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா கணக்காளர். தட்டச்சராக டெலிவிஷனுக்குள் வந்து, 27 வயதில் பிபிசியில் நாடகத் தயாரிப்பாளர் ஆனார். பிறகு தேம்ஸ் டெலிவிஷனின் நாடகப் பிரிவுத் தலைவர், யூஸ்டன் பிலிம்ஸின் தலைமை நிர்வாகி, கடைசியில் சொந்தக் கம்பெனியின் முதலாளி. 2007 நவம்பர் 22 அன்று புற்றுநோயால் இறந்தார். கடைசிக் காலம் வரை வேலை செய்துகொண்டுதான் இருந்தார்.

தயாரிப்பாளர் என்றால் பணம் போட்டது அவரா?

கிடையாது. பிபிசியில் தயாரிப்பாளர் மாதச் சம்பளக்காரர். டெலிவிஷன் பெட்டி வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடக்கும் நிறுவனம் அது. அந்தப் பணத்தில் இந்தத் தொடருக்கு இவ்வளவு என்று ஒதுக்கித் தருவார்கள். டாக்டர் ஹூவுக்கு ஆரம்பத்தில் கிடைத்தது எபிசோடுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் பவுண்டு.

அந்தப் பணத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துத் தருவதுதான் தயாரிப்பாளர் பொறுப்பு. எழுத்தாளர் யார், இயக்குநர் யார், முக்கிய நடிகர் யார், எந்தக் கதை முதலில் போகும், செட்டுக்கு எவ்வளவு செலவழிக்கலாம், எந்தக் காட்சியைக் கைவிட வேண்டும் என்று முடிவு செய்வது அவர். இயக்குநர்கள் கதைக்குக் கதை (ஒரு கதை பல எபிசோட் ஓடும்) மாறிக்கொண்டே இருப்பார்கள். தயாரிப்பாளர் மாற மாட்டார். தொடரின் குணம் கெடாமல் பார்த்துக்கொள்வதும், மேலதிகாரி "இது வேண்டாம்" என்று சொல்லும்போது தன் ஆட்களுக்காக எதிரே நிற்பதும் அவர் வேலைதான். வெரிட்டியின் பெருமையெல்லாம் இந்தக் கடைசி விஷயத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். கீழே வரும் பதில்கள் பலவற்றில் அது திரும்பத் திரும்ப வரும்.

என்ன படித்தார்? டெலிவிஷனுக்குள் எப்படி வந்தார்?

பிரைட்டன் அருகேயுள்ள ரோடீன் பள்ளியில் படித்தார். 16 வயதில் பள்ளியை விட்டுவிட்டு, பாரிஸில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் இருந்தார். அப்புறம் லண்டனில் செயலாளர் பயிற்சி. முதல் வேலை ஒரு ஹோட்டலில் மெனு அட்டைகளைத் தட்டச்சு செய்வது. பிரெஞ்சு தெரியும் என்பதால் கிடைத்த வேலை.

1956இல் கிரனாடா டெலிவிஷனின் செய்தித் தொடர்புப் பிரிவில் செயலாளராகச் சேர்ந்தார். ஆறு மாதத்தில் வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். பிறகு ஏபிசி என்ற பிரிட்டிஷ் தனியார் சேனலில் சுருக்கெழுத்துத் தட்டச்சர். அங்கே நாடகப் பிரிவுத் தலைவரின் செயலாளராகி, படிப்படியாகத் தயாரிப்பு உதவியாளர் ஆனார். பட்டம் கிடையாது, நாடகப் பள்ளி கிடையாது, சிபாரிசு செய்ய ஆள் கிடையாது. ஸ்டுடியோவில் நின்று, மற்றவர்கள் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாமே.

நேரலை நாடகத்தின் நடுவே ஒரு நடிகர் இறந்துபோனாராமே, உண்மையா?

உண்மை. 1958 நவம்பர் இறுதியில் நடந்தது. ஏபிசி வாராவாரம் 'ஆர்ம்சேர் தியேட்டர்' என்ற வரிசையில் முழு நாடகங்களை நேரலையாக ஒளிபரப்பி வந்தது. அன்றைய நாடகத்தின் பெயர் 'அண்டர்கிரவுண்ட்'. லண்டன் மேல் அணுகுண்டு விழுந்தபின் சுரங்க ரயில் பாதையில் சிக்கிக்கொண்டவர்களின் கதை. கேரத் ஜோன்ஸ் என்ற இளம் நடிகர் தன் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையில் சுருண்டு விழுந்து இறந்துவிட்டார்.

நாடகமோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்த வழியில்லை. இயக்குநர் டெட் கோட்செஃப் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கீழே தளத்துக்கு ஓடினார். இறந்தவர் பேச வேண்டிய வசனங்களை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கதையை அங்கேயே மாற்றியமைத்தார். கால்பந்து ஆட்டத்தை எடுப்பதுபோல எடுத்துத் தள்ளு என்று நாடகப் பிரிவுத் தலைவர் சிட்னி நியூமன் சொன்னதாகச் சொல்வார்கள். இயக்குநர் தளத்தில் இருந்தால் மேலே கேமராக்களுக்குக் கட்டளை சொல்வது யார்? தயாரிப்பு உதவியாளராக இருந்த வெரிட்டி. 23 வயது. அடுத்த காட்சியில் யார் எங்கே நிற்பார்கள் என்று யாருக்கும் தெரியாத நிலையில், எந்த கேமரா எப்போது ஒளிபரப்பில் போக வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நாடகம் முடிவுவரை போனது.

அந்த இரவு அவரை நியூமன் கவனித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிட்னி நியூமன் யார்?

கனடாக்காரர். ஏபிசியின் நாடகப் பிரிவுத் தலைவராக இருந்து, 'ஆர்ம்சேர் தியேட்டர்' வரிசையைச் சாதாரண மக்களின் வாழ்க்கையைக் காட்டும் மேடையாக மாற்றியவர். 1962 டிசம்பரில் பிபிசியின் நாடகத் துறைத் தலைவராகப் போனார். சத்தமாகப் பேசுவார், தைரியமாக ஆள் எடுப்பார்.

27 வயதில் பிபிசி எப்படி அவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்தது?

பிபிசி கொடுத்தது என்பதைவிட நியூமன் கொடுத்தார் என்பதே சரி. வெரிட்டி 1961இல் நியூயார்க் போய், டேவிட் சஸ்கைண்ட் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளரிடம் ஒரு வருடம் உதவியாளராக இருந்தார். திரும்பி வந்தால் ஏபிசியில் அதே பழைய வேலை. இன்னும் ஒரு வருடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் டெலிவிஷனையே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அந்த நேரத்தில்தான் நியூமனிடமிருந்து அழைப்பு வந்தது.

அவர் நியூமனின் முதல் தேர்வு இல்லை. வேறொருவரைக் கேட்டு, அவர் மறுத்தபின் வந்த வாய்ப்பு. 1963 ஜூனில் சேர்ந்தபோது பிபிசி நாடகத் துறையில் இருந்த ஒரே பெண் தயாரிப்பாளர் அவர்தான், வயதிலும் இளையவர். நியூமனோடு அவருக்கு வேறு உறவு இருந்தால்தான் இந்தப் பதவி கிடைத்திருக்கும் என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்களும் உண்டு. ஒரு பெண் திறமையால் மேலே வந்தாள் என்று ஒத்துக்கொள்ளாத வாய்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அவர் அதற்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை.

'டாக்டர் ஹூ'வை உருவாக்கியது வெரிட்டியா?

இல்லை. சனிக்கிழமை மாலை விளையாட்டு நிகழ்ச்சிக்கும் பாப் இசை நிகழ்ச்சிக்கும் நடுவே, பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து பார்க்க ஒரு தொடர் வேண்டும் என்று யோசித்தவர் நியூமன். காலத்தில் பயணம் செய்யும் ஒரு வயதானவர், வெளியே சிறிதாகவும் உள்ளே பெரிதாகவும் இருக்கும் ஒரு வாகனம் என்ற அடிப்படை அவருடையது. தொடர்நாடகப் பிரிவுத் தலைவர் டொனால்ட் வில்சனும் எழுத்தாளர் சி. ஈ. வெப்பரும் அதை வளர்த்தார்கள். அந்த வாகனம் நீல நிற போலீஸ் பெட்டியாக இருக்கட்டும் என்றது முதல் கதையை எழுதிய ஆந்தனி கோபர்ன்.

வெரிட்டி வந்தபோது அவர் கையில் இருந்தது சில பக்கக் குறிப்புகள். நடிகர் இல்லை, இசை இல்லை, செட் இல்லை. அதற்கு உயிர் கொடுத்தது அவர். அந்த வயதானவரான டாக்டர் வேடத்துக்கு வில்லியம் ஹார்ட்னெலைத் தேர்ந்தெடுத்தது நல்ல உதாரணம். ஹார்ட்னெல் அப்போது ராணுவ சார்ஜென்ட், முரட்டு ஆசாமி வேடங்களுக்குப் பெயர் போனவர். 'திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்' படத்தில் அவர் செய்த வேறு மாதிரியான சின்னப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, இந்த மனிதருக்குள் மென்மையும் இருக்கிறது என்று வெரிட்டி கண்டுகொண்டார். குழந்தைகள் தொடரில் நடிக்க ஹார்ட்னெல் தயங்கினார். வெரிட்டியும் இயக்குநர் வாரிஸ் ஹுசைனும் நேரில் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள்.

வாரிஸ் ஹுசைன் யார்? இந்தியரா?

1938இல் லக்னோவில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே குடும்பத்தோடு இங்கிலாந்து போனவர். எழுத்தாளர் அத்தியா ஹுசைனின் மகன். முதல் டாக்டர் ஹூ கதையை இயக்கியபோது அவருக்கு 24 வயது. வயதான ஆண்கள் நிறைந்த கட்டிடத்தில் ஓர் இளம்பெண் தயாரிப்பாளர், ஓர் இந்திய இளைஞர் இயக்குநர். இருவரையும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர்கள் அதிகம், உதவியவர்கள் குறைவு. அவர்களுக்குள் உண்டான நட்பு கடைசிவரை நீடித்தது. 'ஷோல்டர் டு ஷோல்டர்', 'எட்வர்ட் அண்ட் மிஸஸ் சிம்ப்சன்' போன்ற பிற்காலத் தொடர்களிலும் ஹுசைன் இயக்கியிருக்கிறார்.

முதல் எபிசோடை இரண்டு தடவை எடுத்தார்களா?

ஆமாம். 1963 செப்டம்பர் 27 அன்று லைம் குரோவ் ஸ்டுடியோவின் டி தளத்தில் ஒருமுறை எடுத்தார்கள். அந்தத் தளம் பழையது, இடுக்கானது. விளக்குகள் எரியும்போது சூடு தாங்காது. டார்டிஸ் என்ற அந்த வாகனத்தின் கதவுகள் மூட மறுத்து, பின்னால் ஆடிக்கொண்டு சத்தம் போட்டன. டாக்டர் பாத்திரம் அளவுக்கு மீறிக் கடுகடுப்பாக வந்திருந்தது. பார்த்துவிட்டு நியூமன் வெரிட்டியையும் ஹுசைனையும் ஒரு சீன உணவகத்துக்கு அழைத்துப் போனார். நியாயமாகப் பார்த்தால் உங்கள் இருவரையும் வேலையை விட்டு அனுப்ப வேண்டும், ஆனால் மறுபடி எடுங்கள் என்றார். பிபிசியில் ஓர் எபிசோடைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுக்க விடுவது அபூர்வம்.

அக்டோபர் 18 அன்று மறுபடி எடுத்தார்கள். ஹார்ட்னெலின் கோபம் குறைந்து, குறும்பு கூடியிருந்தது. முதல் பதிவும் இன்று கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய அதே வசனங்கள், அதே நடிகர்கள். ஆனால் ஒன்றில் டாக்டரைப் பிடிக்காது, இன்னொன்றில் அவர் கூடவே போகத் தோன்றும்.

அந்த முகப்பு இசையும் அவர் யோசனைதானா?

வழக்கமான வாத்திய இசை வேண்டாம், கேட்டதும் இது வேறு உலகம் என்று தெரிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். கண்ணாடிக் குச்சிகளால் ஆன கருவிகளை வாசிக்கும் ஒரு பிரெஞ்சுக் குழுவைத்தான் முதலில் நினைத்திருந்தார்; அது நடக்கவில்லை. ரான் கிரைனர் ராகத்தை எழுத, பிபிசியின் ஒலிப் பரிசோதனைக் கூடமான ரேடியோஃபானிக் வொர்க்‌ஷாப்பில் டீலியா டெர்பிஷர் அதை ஒலியாக்கினார்.

எப்படி ஆக்கினார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அப்போது சின்தசைசர் கடையில் கிடைக்கும் பொருள் கிடையாது. ஒற்றைக் கம்பியை மீட்டிய ஓசை, மின் சாதனங்களைச் சோதிக்கும் ஆஸிலேட்டரின் கூவல், இரைச்சல் ஆகியவற்றை டேப்பில் பதிந்தார்கள். வேகத்தை மாற்றி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக உண்டாக்கினார்கள். எத்தனை நேரம் ஒலிக்க வேண்டுமோ அத்தனை நீளத்துக்கு டேப்பை பிளேடால் வெட்டி, கையால் ஒட்டினார்கள். பிறகு தனித்தனி டேப் இயந்திரங்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு ஒன்றாகச் சேர்த்தார்கள். உதவிக்கு இருந்தவர் டிக் மில்ஸ். கேட்டுவிட்டு கிரைனரே, நானா இதை எழுதினேன் என்று வியந்தாராம். டெர்பிஷருக்கும் பெயர் போட வேண்டும் என்று அவர் விரும்பினார், பிபிசி விதி விடவில்லை. திரையில் டெர்பிஷர் பெயர் முதன்முதலில் வந்தது 2013இல், பொன்விழா எபிசோடில். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

கென்னடி கொலையால் முதல் ஒளிபரப்பு பாதிக்கப்பட்டதா?

1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை முதல் எபிசோட் போனது. கென்னடி சுடப்பட்டது முந்தைய நாள். நாடே அந்தச் செய்தியில் மூழ்கியிருந்தது. போதாததற்குச் சில பகுதிகளில் மின்வெட்டு வேறு. முதல் எபிசோடைப் பார்த்தவர்கள் சுமார் 44 லட்சம் பேர். அடுத்த சனிக்கிழமை, இரண்டாம் எபிசோடுக்கு முன்னால் முதலாவதை மறுபடி போட்டார்கள்.

டாலெக்குகளுக்காக மேலதிகாரிகளோடு சண்டை போட்டாரா?

போட்டார். வெரிட்டி யாரென்று தெரிய இந்தக் கதை ஒன்றே போதும்.

துருத்திய கண்ணோடு வரும் பூச்சி அரக்கர்கள் என் தொடரில் வரக்கூடாது என்பது நியூமன் போட்ட கட்டளை. வரலாறும் அறிவியலும் சொல்லித் தரும் தொடராக அவர் இதைக் கற்பனை செய்திருந்தார். டாக்டரோடு போகும் இருவர் வரலாற்று ஆசிரியையும் அறிவியல் ஆசிரியருமாக இருப்பது அதனால்தான். இரண்டாவது கதைக்கு டெரி நேஷன் எழுதிக் கொடுத்தது உலோகக் கூட்டுக்குள் வாழும் டாலெக் என்ற ஜீவன்களைப் பற்றி. டொனால்ட் வில்சன் படித்துவிட்டு, இது மோசம், எடுக்கவே கூடாது என்றார்.

வெரிட்டியும் கதைகளைத் திருத்தும் ஆசிரியர் டேவிட் விட்டேக்கரும் அதை நம்பினார்கள். வேறு எந்தக் கதையும் தயாராக இல்லை என்பதும் அவர்களுக்குச் சாதகமாயிற்று. எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வடிவமைத்தவர் ரேமண்ட் குசிக். காலும் இல்லாமல் சக்கரமும் தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகும் உருவம். உள்ளே ஒருவர் உட்கார்ந்து காலால் தள்ளுவார். கை என்பது சிங்க் அடைப்பெடுக்கும் ரப்பர் கப். செய்ய முடிந்தது மொத்தம் நாலு டாலெக். கூட்டமாகத் தெரிய வேண்டிய இடங்களில் பெரிய புகைப்படங்களைப் பின்னால் நிறுத்தினார்கள்.

1963 டிசம்பர் 21 அன்று அந்தக் கதையின் முதல் எபிசோட் முடிந்தது இப்படி: சுவரோரம் ஒடுங்கி நின்று வரலாற்று ஆசிரியை பார்பரா அலறுகிறாள், திரையில் தெரிவது அந்த ரப்பர் கப் மட்டும். கேமராவுக்கு முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஒரு தள உதவியாளர். அடுத்த வாரம் என்ன வரும் என்று நாடே பேசியது. அந்தக் கதை முடியும்போது பார்வையாளர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியிருந்தது. ஆரம்பத்தில் 13 எபிசோடுக்கு மட்டுமே உறுதி கொடுத்திருந்தார்கள். முதல் வருடமே 42 எபிசோட் போனது. வில்சன் பிறகு வெரிட்டியிடம், இந்தத் தொடர் என்னைவிட உனக்கே நன்றாகத் தெரிகிறது, இனி தலையிட மாட்டேன் என்றார். அப்படிச் சொல்லக்கூடிய மேலதிகாரி இருந்ததும் நல்ல காலம்தான்.

இரண்டே வருடத்தில் ஏன் விலகினார்?

வேறு வேலைகள் செய்ய வேண்டும் என்ற ஆசை. வாரம் ஒரு எபிசோட், திங்கள் முதல் வியாழன் வரை ஒத்திகை, வெள்ளிக்கிழமை ஒளிப்பதிவு என்று ஓடும் தொடரில் மூச்சு விட நேரம் இருக்காது. 1965 அக்டோபரில் ஒளிபரப்பான ஒற்றை எபிசோட் கதையோடு அவர் பெயர் முடிகிறது. அதன்பின் பிபிசியிலேயே 'தி நியூகமர்ஸ்', 1902இல் உறைந்துபோய் 1966இல் விழித்தெழும் கனவானைப் பற்றிய 'ஆடம் ஆடமன்ட் லிவ்ஸ்', சாமர்செட் மாம் சிறுகதைகளின் நாடக வரிசை ஆகியவற்றைத் தயாரித்தார். 1970இல் லண்டன் வீக்எண்ட் டெலிவிஷனுக்குப் போய், ஆடம் ஃபெய்த் நடித்த 'பட்ஜி'யைச் செய்தார்.

1974இல் வந்த 'ஷோல்டர் டு ஷோல்டர்' தனியாகச் சொல்ல வேண்டியது. பிரிட்டனில் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய கதையை ஆறு நீண்ட நாடகங்களாகச் சொன்ன வரிசை. சிறையில் உண்ணாவிரதம் இருந்த பெண்களின் வாயில் குழாயைத் திணித்து உணவூட்டிய கொடுமையை அது மறைக்காமல் காட்டியது. ஜார்ஜியா பிரவுன், மிட்ஜ் மெக்கன்சி இருவரோடும் சேர்ந்து வெரிட்டி முன்னெடுத்த வேலை இது.

தேம்ஸ் டெலிவிஷனில் என்ன செய்தார்?

1974இல் நாடகப் பிரிவுத் தலைவர் ஆனார். அவர் வாழ்க்கையில் மிகச் செழிப்பான பகுதி இதுதான் என்பேன். இங்கே அவர் நேரடியாகத் தயாரித்தவை குறைவு. எதை எடுப்பது, யாரிடம் கொடுப்பது என்று தீர்மானித்தார்.

முதல் உதாரணம் 'தி நேக்கட் சிவில் சர்வன்ட்'. தன்பாலீர்ப்பை மறைக்காமல், உதட்டுச் சாயத்தோடு 1930களின் லண்டன் தெருவில் நடந்த குவென்டின் கிறிஸ்பின் வாழ்க்கை. பிபிசி வேண்டாம் என்று ஒதுக்கிய திரைக்கதை. இங்கிலாந்தில் தன்பாலீர்ப்பு குற்றப் பட்டியலிலிருந்து நீங்கி, அதுவும் வரம்புகளோடு, எட்டு வருடமே ஆகியிருந்தது. தேம்ஸில் வெரிட்டியும் நிகழ்ச்சித் தலைவர் ஜெரமி ஐசக்ஸும் துணிந்தார்கள். 1975 டிசம்பரில் ஒளிபரப்பானது. ஜான் ஹர்ட்டுக்கு அது பெரிய திருப்புமுனை. பிரிட்டிஷ் திரைத்துறை விருதான பாஃப்டாவும் வாங்கினார்.

'ரம்போல் ஆஃப் தி பெய்லி'யும் பிபிசியிலிருந்து வந்ததுதான். அங்கே ஒரு தனி நாடகமாகப் போன வக்கீல் ரம்போல், 1978இல் தேம்ஸில் தொடராகி 1992 வரை ஓடினார். 'எட்வர்ட் அண்ட் மிஸஸ் சிம்ப்சன்' மன்னர் எட்டாம் எட்வர்ட் முடி துறந்த கதை.

'ராக் ஃபாலீஸ்' பற்றி ஒரு கசப்பான விஷயம் உண்டு. மூன்று பெண்களின் ராக் குழுவைப் பற்றிய அந்தத் தொடர் பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அந்த யோசனை எங்களுடையது என்று மூன்று நடிகைகள் வழக்குப் போட்டார்கள், தேம்ஸ் தோற்றது. நம்பிக்கையோடு வாய்மொழியாகச் சொன்ன யோசனைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதற்கு இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. அவர் தலைமையில் இருந்த பிரிவில் நடந்தது என்பதால் இதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

யூஸ்டன் பிலிம்ஸ் என்பது தனிக் கம்பெனியா?

தேம்ஸின் கிளை நிறுவனம். அந்தக் காலத்து டெலிவிஷன் நாடகம் பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள் வீடியோ கேமராக்களால் எடுக்கப்பட்டது. யூஸ்டன் ஆட்கள் 16 எம்எம் பிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார்கள். நிஜ மதுக்கடை, நிஜ சந்து, நிஜ மழை. 1976இல் இதன் பொறுப்பும் வெரிட்டியிடம் வந்தது. 1979இல் தலைமை நிர்வாகி ஆனார்.

'மைண்டர்' இங்கே பிறந்தது. எதையாவது வாங்கி எதையாவது விற்கும் ஆர்தர் டேலி, அவருக்குக் காவலாக டெரி. 1979இல் ஆரம்பித்தபோது போதிய வரவேற்பில்லை. நிறுத்திவிடலாம் என்ற பேச்சு வந்தது. வெரிட்டி விடாப்பிடியாக நின்றார். அடுத்தடுத்த வருடங்களில் அது நாட்டின் செல்லத் தொடராகி 1994 வரை ஓடியது.

1983இல் வந்த 'விடோஸ்' இன்னும் முக்கியம். கொள்ளையில் செத்துப்போன கணவர்களின் திட்டத்தை மனைவிமார்களே நடத்தி முடிக்கிறார்கள். எழுதியவர் லிண்டா லா பிளான்ட். அதுவரை நடிகையாக அறியப்பட்டவரை நம்பி முழுத் தொடரையும் ஒப்படைத்தார்கள். பிற்காலத்தில் 'பிரைம் சஸ்பெக்ட்' எழுதப்போகும் கை அது. 'விடோஸ்' 2018இல் சினிமாவாகவும் வந்தது. 'ரெய்லி: ஏஸ் ஆஃப் ஸ்பைஸ்', கென்யாவில் நடக்கும் 'தி ஃபிளேம் ட்ரீஸ் ஆஃப் திகா' இரண்டும் யூஸ்டன் காலத்தவை.

தோல்விகளே இல்லையா?

இருக்கின்றன. 1980களின் முதல் பாதியில் தார்ன் இஎம்ஐ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் சினிமாத் தயாரிப்புத் தலைவராகப் போனார். ஜான் கிளீஸ் நடித்த 'கிளாக்வைஸ்' போன்ற படங்கள் வந்தாலும், சந்தோஷமில்லாத காலம் என்று அவரே சொல்லியிருக்கிறார். டெலிவிஷனில் அவருக்கு இருந்த அதிகாரம் அங்கே இல்லை.

பெரிய அடி 'எல்டொராடோ'. ஸ்பெயினில் குடியேறிய பிரிட்டிஷ்காரர்களைப் பற்றி, வாரம் மூன்று நாள் பிபிசியில் ஓடிய தொடர். மலாகா அருகே கோயின் என்ற ஊரில் ஒரு கிராமத்தையே கட்டினார்கள். தயாராக நேரம் போதவில்லை. நடிகர்களில் பலர் புதியவர்கள். கல் சுவர்களில் வசனம் எதிரொலித்தது. 1992 ஜூலையில் ஆரம்பித்து ஒரே வருடத்தில், 156 எபிசோடோடு நிறுத்தினார்கள். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. அதன் பிற்பகுதி எபிசோடுகள் நிஜமாகவே தேறியிருந்தன. ஆனால் அதற்குள் எல்லாம் கைமீறிப் போய்விட்டது.

சொந்தக் கம்பெனி எது?

சினிமா வெரிட்டி. 1985 இறுதியில் ஆரம்பித்தார். முதல் படம் மெரில் ஸ்ட்ரீப் நடித்த 'எ கிரை இன் தி டார்க்'. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் டிங்கோ நாய் தூக்கிப்போன குழந்தையின் தாயையே கொலைகாரி என்று தண்டித்த உண்மை வழக்கு. டெலிவிஷனில் இந்தக் கம்பெனியின் சிகரம், 1991இல் சேனல் 4இல் வந்த ஆலன் பிளீஸ்டேலின் 'ஜிபிஹெச்'. அரசியல் வெறியில் மனம் சிதையும் ஒரு நகரத் தலைவனாக ராபர்ட் லிண்ட்சே, அவனுக்கு மசியாத பள்ளி ஆசிரியராக மைக்கேல் பேலின்.

1990இல் எடின்பரோ டெலிவிஷன் விழாவின் மெக்டேகர்ட் உரையை நிகழ்த்தினார். முந்தைய வருடம் அதே மேடையில் நின்று, போட்டிச் சந்தையே எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று பேசியவர் ரூபர்ட் மர்டாக். கட்டுப்பாடுகள் தளர்ந்தால் தரமான நிகழ்ச்சிக்கு என்ன ஆகும் என்பது வெரிட்டியின் கவலை. அடுத்த வருடமே தனியார் சேனல்களுக்கான உரிம ஏலத்தில் தேம்ஸ் தன் ஒளிபரப்பு உரிமத்தை இழந்தது.

மறுபடி 'டாக்டர் ஹூ' செய்ய முயன்றாரா?

1989இல் தொடர் நின்றபின், சினிமா வெரிட்டி மூலம் தயாரிக்கும் உரிமையைக் கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக 1998 முதல் 'ஜோனதன் கிரீக்' என்ற துப்பறியும் தொடரைப் பிபிசிக்குத் தயாரித்தார். கடைசியாக வந்தது 'லவ் சூப்'. 2005இல் டாக்டர் ஹூ புத்துயிர் பெற்றதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். 2007இல் ஓர் எபிசோடில் டாக்டர் தன் பெற்றோர் பெயராக சிட்னி, வெரிட்டி என்று சொல்வார்.

என்ன விருதுகள் கிடைத்தன?

2002இல் பிரிட்டிஷ் அரசின் ஓபிஇ பட்டமும், அதே வருடம் பாஃப்டாவின் ஆலன் கிளார்க் விருதும்.

2013இல் வந்த படத்தில் காட்டியதெல்லாம் நடந்ததா?

'ஆன் அட்வென்ச்சர் இன் ஸ்பேஸ் அண்ட் டைம்' என்ற அந்தப் பிபிசி படத்தை எழுதியவர் மார்க் கேட்டிஸ். வெரிட்டியாக ஜெசிகா ரெய்ன், வாரிஸ் ஹுசைனாக சச்சா தவான். நிகழ்வுகளைச் சுருக்கியிருக்கிறார்கள், சிலரை விட்டுவிட்டார்கள். ஆனால் மொத்தத்தில் உண்மைக்கு நெருக்கமானது. அதன் பிற்பாதி ஹார்ட்னெலைப் பற்றியது என்பதால், வெரிட்டி ஸ்டுடியோவை விட்டுப் போவதோடு அவர் கதை முடிந்துவிட்ட மாதிரி தோன்றும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

முதல் டாலெக் கதை, ஏழு எபிசோட். முதல் எபிசோடின் இரண்டு பதிவுகளும் டிவிடியில் உண்டு. 2023 நவம்பரில் பிபிசி தன் இணையச் சேவையான ஐபிளேயரில் பழைய டாக்டர் ஹூ எபிசோடுகளை மொத்தமாக ஏற்றியபோது, உரிமைச் சிக்கலால் முதல் கதை மட்டும் சேரவில்லை. அவர் காலத்துக் கதைகளில் சில இன்று படமாகக் கிடைக்காது. டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்துவது அன்றைய வழக்கம். வாரிஸ் ஹுசைன் பெரும்பகுதி இயக்கிய 'மார்க்கோ போலோ' அப்படிப் போன ஒன்று. வீட்டில் ரசிகர்கள் பதிந்த ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அதற்கப்புறம் 'தி நேக்கட் சிவில் சர்வன்ட்', அப்புறம் 'விடோஸ்'. நேரம் இருப்பவர்கள் 'ஜிபிஹெச்' பாருங்கள். ஏழு எபிசோட், ஒவ்வொன்றும் நீளம், முதல் எபிசோடில் பேலின் பள்ளி வாசலில் நிற்கும் காட்சி வந்ததும் நடுவில் நிறுத்த மனம் வராது.